ருசி அறியாத இருவாச்சி

பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை, ஒரு பெரிய குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போனதும் அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் தேடிக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும். ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவளும் பட்டினி, முட்டையும் போச்சு.

பொன்னலகியின் கணவன் பெயர் பெருஞ்சிறகன். பேச்சு குறைவு, உழைப்பு அதிகம். விடிந்ததும் கிளம்புவான். தொண்டைக்குள் பழங்களை அடக்கிக்கொண்டு வருவான். கீறல் முன்னால் தொற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவான்.

"பொன்னு! பழம்!"

பொன்னலகி வெடுக்கென்று பிடுங்குவாள். தலையை அண்ணாந்து உள்ளே தள்ளுவாள். அவ்வளவுதான்.

"அடுத்தது?"

அடுத்ததும் போகும்.

"அடுத்தது?"

தொண்டை காலியானதும் பெருஞ்சிறகன் தயங்கி நிற்பான்.

"இவ்வளவுதானா?" என்பாள் பொன்னலகி.

"இப்ப இவ்வளவுதான் பொன்னு. போயிட்டு மறுபடி வரேன்."

"சீக்கிரம் வாங்க! ஒருத்தி இங்க இருட்டுல தனியா கிடக்கிறா!"

அவள் தனியாகக் கிடந்தது உண்மைதான். பாவம், அதைக் குறை சொல்ல முடியாது. கீறல் வழியே பார்த்தால் ஒரு கிளையும், அதற்குப் பின்னால் கைக்குட்டை அளவு வானமும் தெரியும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச ஆள் கிடையாது. நீட்டி நிமிர இடம் கிடையாது. கணவனின் சிறகுச் சத்தம் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள். ஆனால் அவன் வந்து நின்றதும் அவள் மனசு அங்கே இருக்காது. வந்ததை விழுங்கிவிட்டு, வராததைப் பற்றிக் கேட்பாள். அவன் போன பிறகு மறுபடியும் ஏங்குவாள்.

கீறலுக்குப் பக்கத்திலேயே மரப்பட்டையின் இடுக்கில் ஒரு பல்லி குடியிருந்தது. அதன் பெயர் மொட்டைவாலன். அடுத்த வீட்டில் சமையல் என்றால் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"அக்கா! அக்கா! இன்னிக்கு என்ன பழம்?"

"ஏதோ ஒரு பழம்."

"இனிப்பா? புளிப்பா?"

"விழுங்கியாச்சுடா. இப்ப வந்து கேக்கிற!"

"போக்கா! அஞ்சு நாளைக்கு முன்னாடி எனக்கு ஒரு விட்டில் கிடைச்சுது பாரு. கொழுகொழுன்னு! அதோட இறக்கைப் பொடி என் மூக்குல ஒட்டிக்கிச்சு. தும்மல் வேற வந்துச்சு. தும்மினா விட்டில் வாயிலேர்ந்து போயிடும்ல? தும்மாம அப்படியே அடக்கிக்கிட்டுத் தின்னேன். இப்ப நினைச்சாலும் வாயூறுது!"

"ஒரு விட்டிலுக்கு அஞ்சு நாளா பேசிக்கிட்டிருக்கியே, வெட்கமா இல்ல?"

"எதுக்கு வெட்கம்? அஞ்சு நாளா சந்தோஷமாத்தானே இருக்கேன்!"

பொன்னலகிக்கு எரிச்சலாக வந்தது. திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். திரும்ப இடம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

நாட்கள் போகப்போக அவள் குறை பெரிதானது. குங்கிலிய மரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லத்தி மரம் நின்றது. பெருஞ்சிறகன் பெரும்பாலும் அதில்தான் பழம் எடுத்தான். ஒவ்வொரு பழத்தையும் அலகால் அமுக்கிப் பார்த்து, நன்றாகக் கனிந்ததை மட்டுமே பறித்தான். அதற்கே பாதி நேரம் போய்விடும்.

"இன்னிக்கும் கல்லத்தியா? பக்கத்து மரத்துல பறிச்சுட்டு வந்து என்னை ஏய்க்கிறீங்களா?"

"நல்லாப் பழுத்ததாப் பார்த்துத்தான் எடுத்தேன் பொன்னு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நாவல் பழுத்திருக்குமே! நீங்க ஏன் அங்கெல்லாம் போகணும்? நான்தானே இங்க அடைஞ்சு கிடக்கிறேன்!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் தேயிலைச் சரிவைத் தாண்ட வேண்டும். ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. மேலே எப்போதும் ஒரு ராஜாளி வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இதையெல்லாம் அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லாமல் விட்டான்.

மறுநாள் நாவல் பழம் வந்தது. உருண்டு திரண்ட, கருகருவென்ற நாவல்.

வெடுக். உள்ளே போயிற்று.

"அடுத்தது?"

பெருஞ்சிறகன் கொண்டுவந்த அத்தனையும் அப்படியே போயிற்று.

"இவ்வளவுதானா?"

அன்றைக்கு அவன் உடனே கிளம்பவில்லை. எதிர்க் கிளையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பழம் எப்படி இருந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாளா என்று பார்த்தான். அவள் சொல்லவில்லை. இன்னும் தூரம் போனால் இன்னும் நல்ல பழம் கிடைக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பறந்துபோனான். உள்ளே இருந்தவளுக்குத் தனிமை. வெளியே பறந்தவனுக்கும் தனிமைதான், அதை யாரிடமும் சொல்லத் தெரியாத தனிமை.

ஒருநாள் காலையில் போன பெருஞ்சிறகன் திரும்பி வரவில்லை.

முதல் நாள் பொன்னலகிக்குக் கோபம் வந்தது. "வரட்டும், பேசிக்கிறேன்!" என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் கோபம் போய்ப் பயம் வந்தது. சிறகுச் சத்தம் கேட்டதுபோல் இருக்கும். அலகை வெளியே நீட்டுவாள். காற்றுதான் இலையை உலுக்கிக்கொண்டிருக்கும்.

"பசிக்குதாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான் மொட்டைவாலன்.

"ம்."

"எனக்குப் பசிச்சா, முன்னாடி தின்னதை நினைச்சுக்குவேன். வயிறு நிறையாது. ஆனா மனசுக்குத் துணையா இருக்கும். நீயும் நினைச்சுக்கோ. உனக்கு நினைக்கிறதுக்கா பஞ்சம்? எத்தனை பழம் வந்துச்சு!"

பொன்னலகி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். நேற்று முன்தினம் தின்ற நாவல் எப்படி இருந்தது? தெரியவில்லை. அதற்கு முந்தின நாள் தின்றது? தெரியவில்லை. இனித்ததா, புளித்ததா, துவர்த்ததா? ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கடைசியாகப் பழம் நீட்டியபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். களைப்பாக இருந்தானா? சிரித்தானா? அதுவும் தெரியவில்லை. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தொண்டையைத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான தனிமை என்னவென்று புரிந்தது. முட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மொட்டைவாலனும் பட்டைக்குள் எங்கோ ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டான். கூப்பிட்டுப் பார்த்தாள். கீறலில் மழைநீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் இருக்கும். கிளையில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. பாம்போ, மரநாயோ என்று பொன்னலகி பதறிப் பின்னால் ஒடுங்கினாள்.

"பொன்னு…"

அவன் குரல்தான்! கீறலுக்கு வெளியே பெருஞ்சிறகன் நனைந்துபோய் நின்றான். ஒரு சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் வீங்கியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"தேயிலைச் சரிவுல ராஜாளி அடிச்சிருச்சு. எப்படியோ தப்பிச்சுட்டேன். பறக்க முடியல. தேயிலைச் செடிக்கு அடியில ஒளிஞ்சு ஒளிஞ்சு நடந்து, அப்புறம் மரத்துக்கு மரம் தாவித் தாவித்தான் வந்தேன். அதான் நாளாயிடுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினான்.

"நாவல் நிறையத்தான் எடுத்தேன் பொன்னு. அது அடிச்சப்ப எல்லாம் சிதறிப்போச்சு. தொண்டையில ஒண்ணே ஒண்ணு மாட்டிக்கிட்டிருந்துச்சு. அதைப் பத்திரமாக் கொண்டுவந்தேன். கொஞ்சம் நசுங்கிடுச்சு. கோவிச்சுக்காத."

மூன்று நாள் பட்டினி. தொண்டையில் ஒரு பழம். அதை விழுங்காமல் கொண்டுவந்துவிட்டு, கோவித்துக்கொள்ளாதே என்கிறான்!

அவள் அலகின் நுனியால் பழத்தை வாங்கினாள். அண்ணாந்து தள்ளவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தோல் மெல்லியதாக இருந்தது. அவன் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. லேசாக அழுத்தினாள். சாறு நாக்கின் நுனிக்கு வந்தது. முதலில் துவர்ப்பு, பிறகு ஒரு சிறு புளிப்பு, கடைசியில் இனிப்பு. காட்டில் இப்படியெல்லாம் ஒரு ருசி இருக்கிறதா!

அவள் விழுங்காததைப் பார்த்துப் பெருஞ்சிறகன் பதறிவிட்டான்.

"என்னாச்சு? ரொம்பப் புளிக்குதா? அழுகிடுச்சா?"

"இனிக்குதுங்க," என்றாள் பொன்னலகி. "ரொம்ப இனிக்குது."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதையும் அவள் விடாமல் பார்த்தாள். உடனே அது அணைந்தது.

"இனிமே ஆத்துப் பக்கம் பறக்க முடியாதே பொன்னு. இந்தச் சிறகை வச்சுக்கிட்டு பக்கத்துக் கல்லத்திக்குத்தான் தாவ முடியும். உனக்குத்தான் அது பிடிக்காதே."

"பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் அதைத் தின்னதே இல்லையே!"

நூற்றுக்கணக்கான கல்லத்திப் பழங்களை ஊட்டியிருந்த பெருஞ்சிறகன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

பொன்னலகி நாவலை அலகால் அழுத்திப் பிளந்தாள். சதைப்பற்றான பாதியைக் கீறல் வழியே வெளியே நீட்டினாள்.

"எனக்கு வேணாம் பொன்னு. நீ அடைகாக்கிறவ."

"வாயைத் திறங்க!"

அந்தக் கீறல் வழியே உள்ளேயிருந்து வெளியே போன முதல் பழம் அதுதான். பெருஞ்சிறகன் அதை வாங்கி மெதுவாகத் தின்றான். அவன் தின்று முடிக்கும்வரை பொன்னலகி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் அந்த அரைப் பழத்தின் பலத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவினான்.

கிடைத்ததை நின்று ருசிக்காதவருக்கு எவ்வளவு கிடைத்தாலும் பட்டினிதான். ருசித்து ஏற்றுக்கொள்கிறவருக்குத்தான் கொடுத்தவரின் முகமும் தெரியும்.