பாரா நோட்டு

எல்லையில் எந்த நேரமும் சண்டை மூளலாம் என்றிருந்த மாதம் அது. ராணுவப் பணிமனையில் எட்டுப் பழைய டாங்கிகளுக்குப் புது எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. அவற்றுக்காக எல்லையில் காத்திருந்த ஓட்டுநர்களில் ஒருவன் ஃபிட்டர் மரியதாஸின் தம்பி.

அன்று ஜெனரலை அழைத்துவந்தார் புது டாங்கி வடிவமைப்புத் தலைவர் திருவேங்கடம். மரியதாஸிடம் சொன்னார்: “எதிர்கால டாங்கி வரப்போகுது. இந்தக் கிழட்டு இரும்புக்கு ஒட்டுப் போட்டது போதும். சாயங்காலத்துக்குள்ள எட்டையும் வெட்டிப் போடுய்யா!”

மரியதாஸ் ஓடிப்போய், வாசல் காவலர்கள் முறை மாற்றும்போது எழுதும் பாரா நோட்டை எடுத்துவந்தான்.

“வெட்டிடலாங்கய்யா. ஆனா மாற்றாள் வந்து நிக்காம பாராக்காரன் நகரக்கூடாதே. இந்த எட்டும் எல்லையில பாரா நிக்க வேண்டியது. மாத்திவிட வர்ற உங்க டாங்கி நம்பரை எழுதிடுங்க.”

“அது வர இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும்யா!”

“அதுவரைக்கும் யாருங்க நிப்பாங்க? உங்க பேரையே போட்டுக்கட்டுமா?”

திருவேங்கடத்துக்கு முகம் கறுத்தது. ஜெனரல் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி மூடினார்.

“எட்டும் எப்போ தயாராகும்?”

“ஆறு நாள்ல முடிச்சிடுறேங்கய்யா.”

“நாலு நாள்தான் இருக்கு” என்றார் ஜெனரல்.