மூக்குத்தியில் பச்சைக்கல்

"இளைய ராணி குல்ரங் பேகம் முக்காடில்லாமல் அந்தப்புர ஜன்னலில் நின்றார். அரண்மனையை விட்டே அனுப்புங்கள்!" என்று பாதுஷாவிடம் கொதித்தார் வஜீர் ஹைபத்கான். பேகத்துக்காகப் பேச வந்தவள், அவருக்குத் தலைவாரிவிடும் பணிப்பெண் சம்பேலி ஒருத்திதான்.

"வேறு யாரையாவது பார்த்திருப்பீர்கள், வஜீர் சாகிப்."

"என் கண்ணில் பூவா விழுந்திருக்கிறது? மூக்குத்தியில் பச்சைக்கல் மின்னியதே!"

"கன்னத்தில் மச்சம்?"

"இருந்தது! இடது கன்னத்தில், மிளகளவு!" வஜீருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

சம்பேலி பாதுஷாவுக்குச் சலாம் போட்டாள். "அப்படியானால் எங்கள் பேகமேதான், ஹுஜூர். அந்த ஜன்னலுக்குக் கீழே போகிற ஆண்கள் தரையைப் பார்த்தே நடக்கவேண்டும், மீறினால் கசையடி என்பது தங்கள் உத்தரவு. அதை நம்பித்தான் பேகம் முக்காட்டை எடுத்தார்."

பாதுஷா மெல்லத் திரும்பி வஜீரைப் பார்த்தார்.

வஜீர் அப்போதுதான் தரையைப் பார்த்தார்.