சேற்று நண்டுக்கு ஒரு கை பெருத்த கதை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. கழிமுகத்துச் சேற்று நண்டுகளுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவு, சின்னஞ்சிறியவை. சேற்றை அள்ளி வாயில் போட அது போதும்.

அங்கே தில்லை மரங்களுக்கடியில் வளை தோண்டிக் குடியிருந்தது தில்லையன் என்ற ஆண் நண்டு. மகா கோபக்கார நண்டு. யாராவது பக்கத்தில் மூச்சு விட்டாலே, "எவன்டா என் வீட்டு வாசல்ல?" என்று எகிறும். மட்டிச் சிப்பி பொறுக்க வரும் செம்பாயி மட்டும் அதைச் சட்டை செய்ய மாட்டாள்.

ஒருநாள் காலையில் பறங்கிக் கப்பல் ஒன்று கழிமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. படகில் இறங்கி வந்தவர்களுக்குத் தலைவன் கஸ்பார் கப்பித்தான். கொளுத்துகிற வெயிலில் கம்பளிச் சட்டையும் முழங்கால் வரைக்கும் தோல் சோடும் போட்டிருந்தான். ஒரு காலைத் தூக்கினால் மறுகால் சேற்றில் புதைந்தது. எப்படியோ சமாளித்து நின்று, கையிலிருந்த கொடிக்கம்பை ஓங்கி ஊன்றினான். கம்பு நேராகத் தில்லையனின் வளைக்குள் இறங்கியது.

"இந்தக் கரை இனி எங்கள் ராஜாவுக்குச் சொந்தம்!"

"யோவ்! அது என் வீடுய்யா!" என்று சேற்றைத் துப்பிக்கொண்டு வெளியே வந்தது தில்லையன். "உள்ளே என் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க!"

"வருத்தப்படாதே நண்பா. நாங்கள்தான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தோம்."

செம்பாயி கூடையை இறக்கி வைத்தாள். "கண்டுபிடிச்சியா? இது எப்பய்யா காணாமப் போச்சு?"

கப்பித்தான் தில்லையன் பக்கம் திரும்பினான். சிரித்துக்கொண்டே குனிந்து கையை நீட்டினான். "எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் சண்டை முடிந்தது."

தில்லையன் அந்தக் கையை உற்றுப் பார்த்தது. ஆள்காட்டி விரலாகப் பார்த்து ஒரே கவ்வாகக் கவ்வியது.

"ஐயோ! விடு!"

"கம்பைப் பிடுங்கு, விடுறேன்."

"முதலில் நீ விடு!"

"கம்பு!"

கப்பித்தான் கையை உதறினான். தில்லையன் அந்தரத்தில் ஊஞ்சலாடியதே தவிர விடவில்லை. சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் கொடுக்கைப் பார்த்துப் போட்டான். பாதி அடி விரலில் விழ, கப்பித்தான் போட்ட அலறலில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அடி விழ விழக் கொடுக்கும் வீங்கியது, விரலும் வீங்கியது.

"விரல் போனா முளைக்காது சாமி. கம்பு வேற வெட்டிக்கலாம்" என்றாள் செம்பாயி.

"பிடுங்கித் தொலையுங்கடா!" என்று கத்தினான் கப்பித்தான்.

கம்பு வந்தது. தில்லையன் விட்டது. அதன் பெண்டாட்டி குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு வேறு வளை பார்க்கப் போய்விட்டது. பறங்கிகளும் படகேறிக் கப்பலுக்குப் போய்ப் பாய் விரித்தார்கள்.

அத்தோடு தில்லையன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கோபம் ஆறவில்லை. சேற்று மேட்டில் ஏறி, வீங்கிய கொடுக்கைத் தூக்கி, "போ! இந்தப் பக்கம் தலை காட்டாதே! போ!" என்று விரட்டியது.

"அவன்தான் போறானே, கையைக் கீழே போடுடா" என்றாள் செம்பாயி. அது கேட்கவில்லை.

சத்தம் அலையைத் தாண்டவில்லை. பழைய கொடுக்காக இருந்தால் கையும் தெரிந்திருக்காது. இதுவோ வெயிலில் சங்கு போலப் பளபளத்தது. 'போ' என்று வெளியே தள்ளுவதற்கு முன் கையை உள்பக்கம் மடக்கித்தானே ஆக வேண்டும்? விரலில் கட்டோடு நின்ற கப்பித்தான் அந்த மடக்கலைத்தான் பார்த்தான்.

"அடடா, எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறான்! கோபம் தீர்ந்துவிட்டது போல. கப்பலைத் திருப்புங்கள்!"

கப்பல் திரும்புவதைக் கண்டு தில்லையன் இன்னும் வேகமாக ஆட்டியது. அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள். இந்தத் தடவை பீரங்கியையும் இறக்கினார்கள்; தில்லை மரங்களை வெட்டி வேலி போட்டார்கள்; போகவே இல்லை.

"நல்லா விருந்துக்கு அழைச்சேடா" என்று சொல்லிவிட்டு, செம்பாயி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கழிக்கு நடந்தாள்.

கொடுக்கின் வீக்கம் வற்றவே இல்லை. அன்று முதல்தான் சேற்று நண்டுகளில் ஆணுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடம்பைவிடப் பெருத்துக் கிடக்கிறது. நீர் வடிந்ததும் வளை வாசலில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்து அதை இன்னமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது.