யானை மேல் கேட்ட குறை

முன்னொரு காலத்தில் வெள்ளாங்குடி நாட்டை அலங்காரசூடன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதற்கு நேர்மாறாகச் சொல்வான். இரண்டையும் நிறைவேற்றியே இடுப்பொடிந்து போயிருந்தார் மந்திரி மாசிலாமணி.

அந்த மனிதர் உருப்படியாகச் செய்தேன் என்று நினைத்த காரியம் ஒன்றுதான். ஊர் நடுவே ஒரு பொதுப் பட்டறை வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து ஏற்றமோ தறியோ கலப்பையோ செய்து பார்க்கலாம். செய்த முறையை ஒளிக்கக் கூடாது. அடுத்தவர் அதை எடுத்து இன்னும் நன்றாகச் செய்யலாம். கூலியும் இல்லை, விலையும் இல்லை. ஆனாலும் கூட்டம் நெரிந்தது.

பட்டறைத் தலைவன் வைரவநாதன். கை கெட்டிக்காரக் கை, வாய்தான் சாக்கடை. மந்திரிக்குக் கிடைத்த நல்ல பெயர் அவனுக்கு வயிற்றெரிச்சல் வேறு. ஒருநாள் தையல்நாயகி என்ற நெசவுக்காரி, தறிக்குப் புதுவிதமாக ஒரு மிதிகட்டை செய்து கொண்டுவந்தாள்.

"இது என்ன, தறிக்கா கோழிக்கூட்டுக்கா? இந்த மூளையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறாய்?" என்றான் வைரவநாதன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

செய்தி அரசன் காதுக்குப் போனது. "நடத்தை நெறி ஒன்று எழுதிக் கல்லில் வெட்டுங்கள்!" என்று உத்தரவு போட்டான். எழுதும் வேலையை யாரிடம் கொடுத்தான்? வைரவநாதனிடமேதான். பாலுக்குப் பூனை காவல்!

அவனுக்கு எழுத ஏது பொறுமை? கடற்கரை நாடு ஒன்றின் கப்பல் துறையில் இருந்த நெறியை அப்படியே பார்த்து வெட்டவைத்தான். "பாய்மரம் விரிக்கையில் ஒருவரை ஒருவர் ஏசலாகாது" என்று தொடங்கியது. வெள்ளாங்குடியில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கடைசி விதி மட்டும் அவன் சொந்தச் சரக்கு. "குறை உள்ளவர்கள் பட்டறைத் தலைவரிடம் நேரில் வந்து சொல்லவும்."

சில மாதம் கழித்து அவையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "அரசே, இதுவரை ஒரு குறைகூட வரவில்லை!"

"பேஷ்!" என்று அரசன் பட்டுச் சால்வை போர்த்தினான்.

"ஆளும் வரவில்லை அரசே," என்றார் மந்திரி அலுப்போடு.

"அப்படியானால் பட்டறை எதற்கு? குதிரை லாயமாக்கிவிடலாம். நெறியில் கோளாறு என்றால் நாளைக்குள் எனக்குக் காட்டும். இல்லையென்றால் பூட்டுதான்!"

மந்திரிக்கு வாதாடத் தெம்பில்லை. "நாளை கோயிலுக்குப் போகும்போது யானைமேல் நானும் வருகிறேன்," என்று மட்டும் சொன்னார்.

பாகன் ஒண்டிமுத்துவுக்கு ஒரு பழக்கம். யானைமேல் ஏறினால் பாட்டு வந்துவிடும், சுருதி மட்டும் வராது. கோயில் வழியில் நடு ஆற்றில், வெள்ளம் யானையின் வயிற்றைத் தொடும் இடத்தில், அவன் தொண்டை உச்சத்துக்குப் போனது. அரசன் முகம் கோணியது.

"ஒண்டிமுத்து," என்றார் மந்திரி, "உன் பாட்டில் அரசருக்குக் குறை ஏதாவது உண்டா, கேள்."

"குறையா?" என்று முந்திக்கொண்டான் அரசன். "தேவாமிர்தம்! பாடப்பா, பாடு!"

கரையில் இறங்கியதுதான் தாமதம். "காதுக்குள் ஆணி அடித்துவிட்டானய்யா!" என்று கத்தினான்.

"மேலே கேட்டபோது சொல்லியிருக்கலாமே?"

"யானை அவன் பேச்சைத்தான் கேட்கிறது. நடு ஆற்றில் அவனைப் பகைத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?"

"நாட்டுக்கே அரசர் நீங்கள். உங்களுக்கே வாய் வரவில்லை. வைரவநாதன் முகத்துக்கு நேராகத் தையல்நாயகி எப்படிச் சொல்வாள்?"

அரசன் தாடியைத் தடவினான். பிறகு துள்ளினான். "புரிந்தது! இனிமேல் குறைகளை நானே கேட்கிறேன்!"

மந்திரி பெருமூச்சு விட்டார். "ஒண்டிமுத்து, இப்படி வா. அரசரிடம் உனக்கு ஏதாவது குறை உண்டா?"

"ஐயையோ! எனக்கென்ன குறை மவராசா!" என்று மண்ணில் விழுந்தான் பாகன்.

"விடிந்ததிலிருந்து இவன் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை, அரசே. நீங்கள் உண்ட பிறகுதான் இவன் உண்ண வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. ஆற்றில் அங்குசம் அவனிடம் இருந்தது, இங்கே உங்களிடம் இருக்கிறது. அது யார் கையில் இருந்தாலும் அவரிடம் குறை சொல்ல ஆள் வராது."

அரசன் தலை குனிந்தது. அன்று முதலில் சாப்பிட்டவன் ஒண்டிமுத்து.

மறுநாள் கல்லைப் பெயர்த்தார்கள். புது நெறி சின்னதாக இருந்தது. வேலையைக் குறை சொல்லலாம், செய்தவரை இழிக்கக் கூடாது. குறை கேட்க, வேலை செய்பவர்களே மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் தீர்ப்பில் அரசனும் தலையிடக் கூடாது. சால்வை வைரவநாதன் தோளிலிருந்து மந்திரி தோளுக்கு வந்தது.

"என்ன வைரவநாதரே, பாய்மரம் விரித்தாயிற்றா?" என்று அரசன் கேட்க, அவையே சிரித்தது. அவன் முகம் கறுத்தது.

முதல் குறையோடு தையல்நாயகி வந்தாள். வைரவநாதன் வாயடக்கம் கற்கும்வரை பட்டறைப் பக்கம் வரக் கூடாது என்று மூவரும் தீர்த்தார்கள். அவள் நகரவில்லை.

"இன்னொருத்தர் மேலயும் குறை இருக்கு. அன்னைக்குத் தலைவர் என்னை ஏசினப்ப மந்திரி ஐயாவும் பக்கத்துலதான் நின்னாங்க. கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"வாஸ்தவம் தாயி," என்றார் மாசிலாமணி. "அலுப்பாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தப்புதான்."

மூவரும் கூடிப் பேசினார்கள். மந்திரியும் ஒரு மாதம் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அரசன் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான்.

மந்திரி சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். உள்ளே தையல்நாயகி மிதிகட்டையைப் பூட்டினாள். தறி ஓடத் தொடங்கியது. கால் கடுத்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.