செய்தியில் வராத சாப்பாடு

ஊர் நடப்பெல்லாம் எழுதுவார், தன் வீட்டு நடப்பு மட்டும் தெரியாது. அவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?

டில்லியில் தேசிய நாளிதழ் நிருபராக இருக்கும் ஸ்டீபன்தான். மதுரையில் அவர் மகள் ஜெனிலா அவருக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பள்ளி விழாவுக்கு அந்த நாளிதழின் ஆசிரியர் வந்தார். "நாங்கள் தவறவிட்ட செய்தி ஒன்றைச் சொன்னால், கேட்டதைத் தருவேன்!" என்று மேடையில் மார்தட்டினார்.

"செய்தின்னா என்ன சார்?" என்றாள் ஜெனிலா.

"அபூர்வமா நடக்கிறதுதான் பாப்பா செய்தி."

"அப்போ, உங்க டில்லி நிருபர் ஸ்டீபன் கிறிஸ்துமஸுக்கு எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாரே! எங்கப்பாதான். அதை ஏன் சார் போடலை?"

கூட்டம் கைதட்டியது. ஆசிரியர் அசடு வழிந்தார். "நீ ஜெயிச்சிட்ட பாப்பா. அப்பாவுக்கு லீவு கொடுத்தா ஒரு வாரம் வீட்டுல இருப்பார். மதுரைக்கே மாத்தினா, முதல் பக்கத்துல அவர் பேர் வராது. எது வேணும்?"

ஜெனிலா மதுரைக்கு மாற்றச் சொன்னாள்.