மண்டபத்துக்கு வந்த சேவல்

முட்டாளுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். மந்தையூரில் மூன்று பேர் கம்பெனியே நடத்தினார்கள். ஒச்சப்பன் முதலாளி, தளவாயும் குமரேசியும் வேலையாட்கள். இருந்த மூளையை மூன்று பேரும் சமமாகப் பங்கு போட்டதில் யாருக்கும் போதவில்லை.

அவர்கள் செய்த மென்பொருள் வலைத்தளத்தின் வாசலில் நிற்கும். வருகிறவரிடம் பாஸ்வேர்டு கேட்கும். சரியாக இருந்தால் "சோதித்தாயிற்று" என்று ஒரு சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு ஒச்சப்பன் போட்ட உத்தரவு: "சீட்டு இருந்தா மறுபேச்சு பேசாம விட்டுரு."

இவர்களிடம் வந்து மாட்டியவர் கல்யாண மண்டபக்காரர் வேலாயுதம். பாவம், அவர் மண்டபத்துக் கதவே வலைத்தளம் சொன்னால்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை அவர் மகள் பொன்மலருக்கு அங்கேதான் கல்யாணம். இரண்டு நாள் முன்னால் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தால், மகளின் பெயரைக் காணோம். "சோலையப்பன் வீட்டுச் சேவலுக்குப் பிறந்தநாள்" என்று இருக்கிறது! சோலையப்பன் அவருக்கு ஆகாத பங்காளி.

வேலாயுதம் தலைதெறிக்க ஓடிவந்தார். "யோவ், ஊரெல்லாம் பத்திரிகை வச்சாச்சுய்யா! அவன் எப்படிய்யா உள்ள வந்தான்?"

தளவாய் பார்த்துச் சொன்னான்: "சீட்டை வீட்லயே எழுதி, தானே ஒட்டிக்கிட்டு வந்திருக்காருங்க."

"வாசல்ல பாஸ்வேர்டு கேக்கலையா?"

"சீட்டோட வந்த மனுசன மறுபடி சோதிச்சா அவரு மனசு புண்படாதுங்களா?"

"படும், படும்," என்றார் ஒச்சப்பன் வருத்தத்தோடு.

குமரேசி ஒரு வழி சொன்னான். சீட்டின் வாசகத்தை மாற்றினால் திருடனுக்குத் தெரியாது. மாற்றினார்கள். தெரியாமல் யாரும் சிரமப்படக் கூடாதே என்று, புது வாசகத்தை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

வேலாயுதம் தலையில் அடித்துக்கொண்டார். "வெளியிலருந்து எவன் சீட்டு கொண்டாந்தாலும் கிழிச்சுப் போடுங்கய்யா!"

சொன்னபடியே வாசலுக்கும் உள்ளுக்கும் அதே உத்தரவைப் போட்டார்கள். வாசலுக்குத் தெருதான் வெளி. உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு வாசலே வெளிதானே? வாசல் ஒட்டிய நல்ல சீட்டையும் அது கிழித்துப் போட்டது. வேலாயுதம் சரியான பாஸ்வேர்டு போட்டும் வெளியே வந்து விழுந்தார்.

"ஓனரே உள்ள போக முடியல பாருங்க," என்றார் ஒச்சப்பன் பூரிப்போடு. "இதுக்கு மேல பாதுகாப்பு ஏதுங்க?"

"அப்ப ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கானே, அவன்?"

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். உள்ளே போகாமல் அவரை வெளியே தள்ள முடியாது. யாராலும் உள்ளே போகவும் முடியாது. கடைசியில் சோலையப்பனுக்கே போன் போட்டார்கள்.

வேலாயுதம் போனைப் பிடுங்கிக் கெஞ்சினார். "சோலை, நம்ம பகையை எம்பொண்ணு மேல காட்டாதப்பா. நாந்தான் ஓனர், தேதியத் திருப்பிக் குடுத்துரு."

"நீதான் ஓனருன்னு நான் எப்படி நம்புறது?"

"நாங்க சோதிச்சாச்சு!" என்று மூவரும் கத்தினார்கள்.

"நானும் அதைச் சொல்லித்தானடா உள்ள வந்தேன்! கதவுகிட்ட சொல்லி வச்சுட்டேன். வெள்ளிக்கிழமை எஞ்சேவல் வந்து கதவுல இருக்கற மைக்குல கூவினாத்தான் திறக்கும்." போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. மண்டப வாசலில் சொந்தபந்தம், நாதஸ்வரம், கண்கலங்கி நிற்கும் பொன்மலர். முகூர்த்தம் நெருங்குகிறது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மைக்கில் வாயை வைத்து, "கொக்கரக்கோ!" என்றார்.

கதவு திறந்தது. தாலி கட்டியாயிற்று. வேலாயுதம் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார்.

பந்தி நடக்கும்போது சோலையப்பன் வந்தார். கையில் சேவல். சேவலுக்கு ஜரிகைத் துண்டு வேறு. வாசலில் மூன்று பேரும் கை கோத்து மறித்தார்கள்.

"அட, எஞ்சேவலுக்குப் பிறந்தநாளுடா! வழிய விடுங்க!"

சேவலும் தன் பங்குக்கு உரக்கக் கூவியது.

ஒச்சப்பன் அதை மேலும் கீழும் பார்த்தார். "ஏமாத்தாதீங்கய்யா. சேவல் காலையிலயே உள்ள போயி, இப்பப் பொண்ணு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு. இது போலி."