நெடுவால் பெரிதாக்கிய துறை

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அதை ஒட்டி ஒரு சிறிய துறை. எதிரே இருந்த தீவிலிருந்து கடலாமைகள் தெப்பங்களில் தேங்காயும் கிழங்கும் இழுத்து வரும். நெடுவால் என்ற நீர்நாய்தான் துறையைக் கவனித்துக்கொண்டது.

அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது. கரையில் இருந்த குரங்குகளும் காட்டுப்பன்றிகளும் தீவுக் கிழங்கை நம்பித் துறையிலேயே பசியோடு கிடந்தன. ஆனால் துறையில் ஒரு நேரத்தில் ஒரு தெப்பம்தான் நிற்க முடியும். மற்றவை கடலிலேயே காத்து நிற்க, கிழங்கு வெயிலில் அழுகியது.

நெடுவாலுக்குப் பொறுக்கவில்லை. கொம்பன் யானையை அழைத்து வந்தது.

"இந்த அலையாத்தி மரங்களைப் பிடுங்கிப் போடு. நான்கு தெப்பங்கள் நிற்க இடம் கிடைக்கும்!"

யானை முதல் மரத்தில் தும்பிக்கையைச் சுற்றியது. உடனே சேற்று வளையிலிருந்து செங்காலி என்ற நண்டு பதறி ஓடி வந்தது.

"நில்லுங்கள் அண்ணே! இந்த வேர்களுக்கு அடியில்தான் எங்கள் வீடுகள் இருக்கின்றன!"

"நண்டுகளுக்கு வேறு சேறா கிடைக்காது? அங்கே குட்டிகள் பசியில் அழுகின்றன, பார்!"

"துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சேற்றைப் பிடித்து வைத்திருப்பதே இந்த வேர்கள்தான்!"

"உன்னோடு பேச எனக்கு நேரமில்லை!" என்றது நெடுவால்.

மாலைக்குள் பாதி மரங்கள் சாய்ந்தன. நண்டுகள் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு ஒதுங்கின.

மறுநாள் நான்கு தெப்பங்கள் ஒன்றாக வந்து நின்றன. குரங்குகள் கைதட்டின. நெடுவால் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டது.

நான்காம் நாள் அலை வலுத்தது. பிடிமானம் இல்லாத கரை சரிந்தது. சேறெல்லாம் துறைக்குள் இறங்கியது. நண்பகலில் நீர் வற்றியபோது, ஆழி என்ற கிழட்டு ஆமை தெப்பத்தோடு சேற்றில் சிக்கிக்கொண்டது. வெயில் சுட்டெரித்தது.

"தண்ணீர்... என்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்!" என்று அது முனகியது.

யானை உதவ வந்தது. இரண்டடி வைப்பதற்குள் அதன் காலே புதைய, பின்வாங்கியது. நெடுவால் தனியாகத் தோண்டித் தோண்டி ஓய்ந்தது. அப்போது நூற்றுக்கணக்கான நண்டுகள் சேற்றில் பரபரவென்று இறங்கின. கடலிலிருந்து ஆமை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கின.

நெடுவால் நண்டின் பக்கம் திரும்பியது. "செங்காலி, உன் வீட்டை இடித்தவன் நான். எனக்கா உதவுகிறாய்?"

"ஆழியக்கா எங்கள் வீட்டை இடிக்கவில்லையே! பேசாமல் தோண்டுங்கள்!"

வாய்க்காலில் நீர் வந்தது. ஆமை மெல்ல மெல்ல நகர்ந்து கடலைச் சேர்ந்தது.

நெடுவால் தலைகுனிந்து நின்றது. "அன்று நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது சொல், துறையை எங்கே வைப்பது?"

"வடக்குப் பாறைக்குப் பக்கத்தில்! அங்கே தண்ணீர் ஆழம். சேறும் இல்லை, வேரும் இல்லை."

"காட்டிலிருந்து அது தூரமாயிற்றே!"

"நடப்பதற்குப் பாதை போட முடியாதா?" என்று கேட்டது கொம்பன். அன்றே முட்புதர்களை விலக்கிப் பாதை போட்டது.

பாறைத் துறையில் ஐந்து தெப்பங்கள் நின்றன. பசித்த வயிறுகள் நிறைந்தன. பழைய இடத்தில் நெடுவால் நண்டுகளிடம் கேட்டுக் கேட்டு அலையாத்தி விதைகளை ஊன்றியது. பாதி விதைகளை அலை அடித்துப்போனது. மறுபடியும் ஊன்றியது. மழை வந்து, இரண்டாம் ஆண்டில் இளம் வேர்கள் சேற்றைப் பற்றிக்கொண்டன. அவற்றின் நடுவே மீன்குஞ்சுகள் துள்ளின. போன நண்டுகளில் பல குடும்பங்கள் திரும்பி வந்தன; சில வரவேயில்லை. அவற்றை நினைக்கும்போதெல்லாம் நெடுவாலுக்கு மனம் வலித்தது.

அதன்பின் துறையில் ஒரு கல்லை நகர்த்துவதானாலும், நெடுவால் முதலில் நண்டு வளைகளுக்குப் போய், "இங்கே வைக்கலாமா?" என்று கேட்டது.

அங்கே வாழ்பவர்களையும் அவர்களைத் தாங்கும் மண்ணையும் காத்து வளரும் வளர்ச்சியே எல்லோருக்கும் சோறு போடும்.